கோல்ட்விங்கில் பக்கச் சக்கரம் போடலாமா? முழங்கால் அறுவைக்குப் பிறகு ஒரு கேள்வி

நீலமலை_விங் (ஆஷ்வில், வட கரோலினா)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012 மாடல் ஹோண்டா கோல்ட்விங், ஜிஎல்1800. பெட்டிகளும் பெட்ரோலும் சேர்ந்தால் வண்டி மட்டுமே நானூறு கிலோவைத் தாண்டும். பின்னால் மனைவி. வயது அறுபதைக் கடந்துவிட்டது. போன குளிர்காலத்தில் இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை நடந்தது. நடக்கிறேன், படி ஏறுகிறேன், எல்லாம் சரி. ஆனால் முட்டி மேல் பக்கவாட்டில் திடீர்ப் பாரம் விழக்கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஓடும்போது எந்தக் கஷ்டமும் இல்லை. நிற்கும்போதுதான் எல்லாமே. வலது கால் பின் பிரேக்கில் இருக்கும், இடது கால்தான் தரையில் ஊன்றும். புளூ ரிட்ஜ் பார்க்வே மலைச் சாலையில் காட்சிமுனைக்குள் திரும்பி நிற்கிற இடம் பெரும்பாலும் சரிவாக இருக்கிறது. அங்கே வண்டி இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தாலும் மனசு பதறுகிறது.

பக்கச் சக்கரம் போடலாமா என்று எங்கள் ஊர் ரைடிங் குழுவில் கேட்டேன். சின்னப் பிள்ளை சைக்கிளுக்குப் போடுவதை நீ போடப்போகிறாயா என்று சிரித்தார்கள். தமிழில் கேட்டால் மனம்விட்டுப் பேசுவீர்கள் என்றுதான் இங்கே வந்தேன். நிரந்தரமாகத் தரையில் ஓடும் பக்கச் சக்கரம், நிற்கும்போது மட்டும் இறங்கும் சக்கரம், முழு ட்ரைக் (மூன்று சக்கர வண்டி) என்று மூன்று வழி இருக்கிறதாம். ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒற்றைத்தடம் (ஆஸ்டின், டெக்சஸ்)

அண்ணா, குணமாகி வந்ததில் மகிழ்ச்சி. என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். போடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு உயிரே சாய்வதுதான். வளைவுக்குள் வலது கைப்பிடியை லேசாகத் தள்ளினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து, உடம்பின் பாரம் நேராக சீட்டுக்குள் இறங்குகிறது பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை பணமும் வெயிலும் மழையும். நிரந்தரப் பக்கச் சக்கரம் வந்ததும் அது போய்விடும். அப்புறம் கண்ணாடியும் கூரையும் இல்லாத கார்தான் மிஞ்சும். நீங்கள் இருப்பதோ டெயில் ஆஃப் தி டிராகனுக்குப் பக்கத்தில். 11 மைலில் 318 வளைவு! அந்தச் சாலையைச் சாயாமல் ஓட்டுவதை என்னால் யோசித்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வண்டியை மாற்றுங்கள். 2018இல் வந்த புதிய கோல்ட்விங் உங்களுடையதைவிட ஏறத்தாழ 40 கிலோ குறைவு. கிளட்ச் பிடிக்காமல் தானே மாறும் டிசிடி கியர் உள்ள மாடலில் நடை வேகத்துக்கும் கீழே முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தும் வசதி இருக்கிறது, காலால் தள்ளவே வேண்டாம். அதுவும் பாரம் என்றால் பிஎம்டபிள்யூ ஆர்1250ஆர்டி, பெட்ரோலோடு 279 கிலோ. நூறு கிலோவுக்கு மேல் குறைகிறது. மனைவியும் வசதியாக உட்காரலாம்.

---

பட்டறைவாசி (டெட்ராய்ட் பக்கம்)

ட்ரைக் மாற்றும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மூன்றையும் ஒரே பெயரால் கூப்பிடுவதால்தான் இந்தச் சண்டையில் பாதி வருகிறது. மூன்றும் மூன்று வேறு வண்டிகள்.

முதல் வகை: வாயேஜர், டோ-பேக் இன்ஸ்டாட்ரைக் மாதிரியானவை. வண்டியின் பின் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சட்டம் கட்டி பக்கத்துக்கு ஒரு சக்கரத்தை போல்ட் போட்டு மாட்டுவது. தரையில் மொத்தம் நாலு சக்கரம். எஞ்சின் விசை நடுச் சக்கரத்துக்கு மட்டும்தான் போகும். வேண்டாமென்றால் கழற்றி வண்டியைப் பழையபடி விற்கலாம், முழு ட்ரைக்கைவிட மலிவு. இதுதான் இதன் பலம்.

இதன் பலவீனத்தை விற்பவர்கள் நிதானமாகச் சொல்வதில்லை. பின்பாரத்தில் ஒரு பங்கைப் பக்கச் சக்கரங்கள் வாங்கிக்கொள்கின்றன. சாலையில் ஒரு பள்ளம் வந்து பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் இருந்தால், நடுச் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடும். ஈரத்தில் அப்படி ஆனால் வண்டியை முன்னே தள்ளும் பிடிப்பும் போகும், பின் பிரேக்கும் போகும். என் கைக்கு வந்த செட்டுகளில் பக்கச் சக்கரத்துக்குத் தனி பிரேக் இருந்ததில்லை. ஓரம் சரிந்த சாலையில் வண்டி எப்போதும் பள்ளப் பக்கமே இழுக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டயர் இன்னொரு செலவு. மோட்டார் சைக்கிள் டயர் உருண்டையாக இருப்பது சாய்வதற்காக. சாயாத வண்டியில் நடுப்பட்டை மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும்.

வளைவைப் பற்றி ஒரு கணக்கு. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கி.மீ. வேகத்தில் போனால் இரு சக்கர வண்டி சுமார் 30 டிகிரி சாய வேண்டும். பக்கவாட்டு விசை ஏறத்தாழ 0.57 ஜி, அதாவது நம் எடையில் 0.57 பங்கு. இரு சக்கரத்தில் அது உங்களுக்குத் தெரிவதே இல்லை, சாய்வு அதை விழுங்கிவிடுகிறது. சாயாத வண்டியில் அதே விசை 80 கிலோ ஆளை 45 கிலோ பலத்தோடு வெளிப்பக்கம் தள்ளும். இன்னொன்று, முன்னால் ஒற்றைச் சக்கரம் இருப்பதால் வண்டி கவிழும் கோடு முன் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் குறுக்காக ஓடுகிறது. பின்னால் அகலம் நாலடி இருந்தாலும், பாரம் உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதியில் அந்த அகலம் பாதிதான். அளவுகளைப் போட்டுப் பார்த்தால் 0.5, 0.6 ஜி அருகிலேயே உள்பக்கச் சக்கரம் மேலே எழும்பத் தொடங்கும். அதாவது இரு சக்கரத்தில் சுகமாகப் போகிற அதே 60, இங்கே விளிம்பு. 45இல் போனால் விசை 0.32 ஜி, கவலையில்லை. மலைச் சாலையில் வேகத்தைக் கால்வாசி குறைத்து ஓட்டச் சம்மதமா என்பதுதான் அண்ணா, உங்களுக்கான கேள்வி.

இரண்டாவது வகை, இறங்கும் சக்கரம். லெக்அப் என்று ஹார்லிக்கும் கோல்ட்விங்குக்கும் வருகிறது. சின்னச் சக்கரம் இரண்டு, ஓடும்போது மேலே மடங்கியிருக்கும். நிற்கப் போகும்போது கீழே வந்து இரண்டு பக்கமும் தாங்கும், காலைப் பலகையிலிருந்து எடுக்கவே வேண்டாம். கிளம்பினால் மடங்கிவிடும். வளைவில் சாய்வது துளியும் குறையாது.

மூன்றாவது முழு ட்ரைக். பின் சக்கரத்தை எடுத்துவிட்டு அச்சும் கார் டயர் இரண்டும் போடுவது. ஹார்லி கம்பெனியே 2009 மாடலிலிருந்து ட்ரை கிளைடு விற்கிறது. கோல்ட்விங்குக்கு மாற்றுத் தொகுப்புகள் கிடைக்கின்றன. முன் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றும் பாகத்தையும் சேர்த்தே போடுங்கள். அது இல்லாத ட்ரைக்கைத் திருப்பினால் ஒரு நாளில் தோள் கழன்றுவிடும்.

முட்டிக்கு நிற்கும்போது மட்டும்தான் பிரச்சினை என்கிறீர்கள். நிற்கிற நேரத்துக் குறைக்காக ஓடுகிற நேரம் முழுவதும் விலை கொடுப்பானேன்? நான் இரண்டாவது வகையைத்தான் சொல்வேன்.

---

மழைச்சாரல் (டொராண்டோ)

நான் ஐந்தடி ஓர் அங்குலம். ஹார்லி எலக்ட்ரா கிளைடு ஓட்டுகிறேன். நின்றால் இரண்டு காலும் முழுதாகத் தரையில் பதியாது. எங்கள் மகளிர் குழுவில் புதிதாகச் சேரும் பெண்களில் பலர் முதலில் கேட்பதே பக்கச் சக்கரம்தான். அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: பயம் வேறு, உடம்பால் முடியாமை வேறு. பயத்துக்குப் பயிற்சி போதும்.

பெரிய வண்டிகள் விழுவதில் பெரும்பங்கு ஒரே மாதிரிதான். வாகன நிறுத்தத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். கைப்பிடி ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் முன் பிரேக்கைப் பிடிப்பார்கள். அவ்வளவுதான், வண்டி அந்தப் பக்கம் மடங்கும். நிற்பதற்கு முந்தைய கடைசி இரண்டு மீட்டரில் கைப்பிடி நேராக இருக்க வேண்டும், பின் பிரேக் மட்டும், பார்வை தூரத்தில். சரிவில் நிற்பதானால் மேட்டுப் பக்கக் காலை ஊன்றுவது. இவ்வளவும் பழகிவிட்டால் உயரம் ஒரு விஷயமே இல்லை.

எடைக் கணக்கையும் நானே போட்டேன். நானூறு கிலோ வண்டி 5 டிகிரி சாய்ந்தால், கைப்பிடி உயரத்தில் தாங்க வேண்டியது 15, 20 கிலோதான். 15 டிகிரி போய்விட்டால் 50 கிலோவைத் தொடும், பின்னால் ஆள் இருந்தால் அதற்கும் மேல். ஆகவே சாய ஆரம்பித்ததும் பிடித்தால் பிடித்ததுதான். தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டும். கோல்ட்விங்கில் எஞ்சினைக் காக்கும் கம்பியும் பெட்டியைக் காக்கும் கம்பியும் இருப்பதால் அது தரையோடு தரையாகப் படுக்காது, பாதியில் நின்றுகொள்ளும். முதுகை சீட்டுக்குக் கொடுத்து, ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கை பின் கம்பியிலும் வைத்து, காலால் பின்னோக்கி நடந்தே தூக்கிவிடலாம்.

ஆனால் அண்ணா, உங்களுடையது பயம் இல்லை. முட்டி பாரத்தைத் தாங்கக்கூடாது என்று மருத்துவமே சொல்கிறது. சாய்வதை நிறுத்த வேண்டிய கால்தான் அது. உங்களிடம் போய்ப் பயிற்சி எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

பின்சீட்டுக்காரி (எடிசன், நியூ ஜெர்சி)

பின்னால் உட்காருகிறவர்கள் பக்கம் யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். வண்டி எப்போது ஆபத்து என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓடும்போது இல்லை. நாங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ஒரு காலைப் பலகையில் வைத்து மறு காலைத் தூக்கிப் போடுகிற அந்த நொடியில் எங்கள் மொத்த எடையும் ஒரே பக்கம். அதை ஓட்டுபவரின் ஒற்றைக் கால் தாங்க வேண்டும். மனைவி ஏறுகிறார் என்றால் உங்கள் முட்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் சோதனைதான் அண்ணா.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலமிழந்தது. ஒரு வருடம் வண்டி மூடியே கிடந்தது. அவர் ஜன்னல் வழியே அதைப் பார்ப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. மருத்துவர் அனுமதி கொடுத்ததும் ட்ரை கிளைடு வாங்கினோம். மூன்று சக்கரத்துக்கென்றே தனிப் பயிற்சி வகுப்பு இருக்கிறது, அதையும் முடித்தார். சாய்வு இல்லைதான். ஆனால் வெர்மான்ட்டில் இலையுதிர்காலச் சாலையில் போகும்போது அவர் பழையபடி சீட்டி அடித்தார். எனக்கு அது போதும்.

எதிரே வரும் ரைடர்கள் இடது கையைத் தாழ்த்தி வணக்கம் சொல்லும் வழக்கம் இங்கே உண்டல்லவா? ட்ரைக்கைப் பார்த்ததும் சிலர் கையை எடுப்பதில்லை. முதலில் எனக்குக் கோபம் வரும். அவர் மட்டும் எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டே போவார். அந்தச் சாலைக்குத் திரும்பி வர அவர் பட்ட பாடு, கை காட்டாதவர்களுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். இரு சக்கரத்தில் பழகிய கால் நிற்பதற்கு முன்பே தானாகத் தரைக்கு இறங்கும். ட்ரைக்கிலும் பக்கச் சக்கரத்திலும் அப்படி இறக்கினால் பின் சக்கரம் காலின் மேலேயே ஏறிவிடும். பயிற்சியில் முதல் நாள் முழுவதும் பயிற்றுநர் சொன்னது இது ஒன்றைத்தான்.

---

சேலம்_பெட்ரோல்வண்டி

ஐயா, நான் பெரிய வண்டி ஓட்டியவன் இல்லை. ஆனால் பக்கச் சக்கரத்தோடு வாழ்பவன். சின்ன வயதில் போலியோ, இரண்டு காலும் பாதிப்பு. தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்தான் என்னுடையது. பட்டறைவாசி அண்ணன் எழுதிய முதல் வகை.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. நான் ஏறுகிறேன், இறங்குகிறேன். வளைவுக்கு முன்பே வேகத்தை முழுதாகக் குறைத்துவிடுவேன், வளைவுக்குள் பிரேக் தொட மாட்டேன். இடுப்புக்கு மேலே உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து உட்காருவேன். வண்டி சாயாது, நாம்தான் சாய வேண்டும். உள்சக்கரம் எழும்பினால் இருக்கையில் ஒரு மிதப்பு தெரியும், உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சமதளத்தில் வேறு மாதிரி. தார் போட்டுப் போட்டு உயர்ந்த சாலையின் ஓரத்தில் மண்ணுக்குள் ஒரு சக்கரம் இறங்கிவிட்டால், நடுச் சக்கரம் சும்மா சுற்றும். யாராவது தள்ளிவிட வேண்டும். பள்ளத்தை இரு சக்கரக்காரர் ஒதுக்கிப் போய்விடுவார். எனக்கு மூன்று தடம், ஒன்றைத் தப்பினால் இன்னொன்று விழும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தின் வெல்டிங்கைக் கையால் தடவிப் பார்ப்பேன், விரிசல் முதலில் அங்கேதான் வரும்.

இங்கே சட்டமும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றி அமைத்த வண்டி என்று தனி வகையே வைத்தார்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் அதைப் பதிந்துவிட்டால் காப்பீட்டிலும் தொல்லை இல்லை.

ஒற்றைத்தடம் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாய்வதுதான் உயிர் என்றீர்கள். நான் ஒரு நாளும் சாய்ந்ததில்லை. கீழே சேலம் வெயிலில் காய, பத்தாவது வளைவு தாண்டியதும் காற்று குளிர்ந்து காபிச்செடி வாசம் மூக்கில் ஏறும். என் கையில் ஆக்சிலேட்டர், என் இஷ்டத்துக்குப் போகிறேன், யாரையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்கு உயிர் அதில் இருக்கிறது.

---

ஒற்றைத்தடம்

தம்பி, முழுதாகப் படித்தேன். உங்கள் மேல் பெரிய மரியாதை. நான் பேசியது சாயத் தெரிந்து, சாய முடிகிறவர் அதை விட்டுக்கொடுப்பதைப் பற்றி. அதில் இன்னும் என் கருத்து அதேதான். நீலமலை அண்ணனுக்கு ஓடும்போது உடம்பு ஒத்துழைக்கிறது. எனவே நிரந்தரச் சக்கரம் அவருக்கு வேண்டாம்.

பட்டறைவாசியிடம் ஒரு கேள்வி. இறங்கும் சக்கரம் ஒரு நாள் இறங்காவிட்டால்? அதை நம்பிக் காலைப் பலகையிலேயே வைத்திருப்பவர் அப்படியே சரிவாரே. வேகமாகப் போகும்போது தவறி இறங்கிவிட்டால்?

---

பட்டறைவாசி

சரியான கேள்வி. வேகத்தில் இறங்காதபடி தடுப்பு உண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழேதான் வேலை செய்யும். இறங்காமல் போவதற்குத்தான் பழக்கம் வேண்டும். சக்கரம் கீழே வந்து அமர்ந்ததை விளக்கிலும் உடம்பிலும் உணர்ந்த பிறகே வண்டியை முழுதாக நிறுத்த வேண்டும். உணரவில்லையென்றால் நிறுத்தாமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருங்கள், அல்லது நல்ல காலை ஊன்றுங்கள். அண்ணனுக்கு வலது கால் நன்றாக இருக்கிறது. முன் பிரேக்கை வைத்து, கைப்பிடி நேராக, வலது காலில் நிற்கப் பழகிக்கொண்டால் அதுவே இரண்டாவது பாதுகாப்பு.

இன்னும் சில. சக்கரங்கள் கீழே இருக்கும்போது வண்டி சாயாது, நடை வேகத்தில் ட்ரைக் மாதிரி கைப்பிடியைத் திருப்பியே போக வேண்டும். மடங்கியதும் உடனே இரு சக்கரம். இந்த மாறுதலுக்குக் கையும் மூளையும் பழக வேண்டும், காலியான பெரிய வாகன நிறுத்தத்தில் மனைவி இல்லாமல் முதலில் செய்யுங்கள். சரிவில் குறுக்காக நிறுத்தினால் வண்டி பள்ளப் பக்கம் சாய்ந்தபடிதான் நிற்கும், சக்கரம் தரையைச் சமமாக்கிவிடாது. பார்க்வே காட்சிமுனைகளில் மேடு பார்த்து நேராக நிறுத்துங்கள். அப்புறம் பொருத்தும்போது பார்க்க வேண்டியது: சட்டத்தின் அடிப்பகுதி எவ்வளவு கீழே தொங்குகிறது? சாய்ந்தால் எது முதலில் தரையில் உரசும்? முன்பு கால்பலகைதான் உரசும், அது மடங்கிக் கொடுக்கும். இரும்புச் சட்டம் உரசினால் மடங்காது, பின் சக்கரத்தைத் தூக்கிவிடும். பொருத்துபவர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லையென்றால் அந்தக் கடையில் கொடுக்காதீர்கள்.

---

நீலமலை_விங்

ஒவ்வொருவருக்கும் நன்றி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். பின்சீட்டுக்காரி அம்மா எழுதிய அந்த ஏறும் நொடியைப் படித்துவிட்டு, இத்தனை நாள் நான் சொல்லாமல் விட்டதை அவங்க எழுதிட்டாங்க என்றாள்.

நிரந்தரப் பக்கச் சக்கரத்தை விட்டுவிட்டேன். எங்கள் மலையில் வேகத்தைக் குறைப்பது எனக்குச் சம்மதம்தான், ஆனால் மழையில் நடுச் சக்கரம் தரையை விடும் என்பது மனசுக்கு ஒப்பவில்லை, அதுவும் பின்னால் அவள் இருக்கும்போது. வண்டியை மாற்றும் யோசனை நல்லதுதான், ஆனால் 279 கிலோவானாலும் முட்டியில் பக்கவாட்டுப் பாரம் பாரம்தான். இறங்கும் சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறேன். வயது கூடக் கூட வலது காலும் தளருமானால் ட்ரைக்தான், அதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஊர்க் குழுவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

பட்டறைவாசி தம்பி, பொருத்திய பிறகு வண்டியை ஸ்டாண்டில் போட முடியுமா? வீட்டு ஷெட் வாசல் குறுகல், ட்ரைக் வாங்கினால் நுழையுமா என்றும் பார்க்க வேண்டும்.

---

பட்டறைவாசி

பக்க ஸ்டாண்ட் வழக்கம்போல வேலை செய்யும் அண்ணா, சக்கரம் மேலே மடங்கியிருக்கும்போது போடுங்கள். நடு ஸ்டாண்டைச் சில பொருத்துதல்களில் எடுத்துவிட வேண்டிவரும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரைக் என்றால் பின்பக்க அகலம் நாலரை அடி இருக்கும், இரு பக்கமும் இறங்கி நடக்க இடம் சேர்த்து வாசலை அளந்து பாருங்கள். ட்ரைக்குக்கு ஸ்டாண்ட் கிடையாது, பார்க்கிங் பிரேக்தான். உங்கள் வீட்டுப் பாதை சரிவு என்றால் அதைப் போடாமல் இறங்கவே கூடாது.

---

பின்சீட்டுக்காரி

வாடகைக்கு வண்டி விடும் இடங்களில் ட்ரை கிளைடு கிடைக்கும் அண்ணா. வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதி எடுத்துப் பாருங்கள். உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள், பின் சீட்டு எப்படி இருந்தது என்று அவரே இங்கே எழுதட்டும்.